ஃபீஸ் இல்லாத படிப்புக்கு யார் காசு கட்டுறது?

2014 ஒக்டோபர் 29, புதன்கிழமை. காலை ஏழரை மணி இருக்கும். கொஸ்லந்தைக்கு மேலே மீரியபெத்தயில் மலை சரிந்து லயங்கள் மண்ணுக்குள்ள போச்சு. அந்த நேரத்துல நிறையப் பிள்ளைகள் ஸ்கூலுக்குக் கிளம்பியிருந்தாங்க. அதனாலதான் பிள்ளை பிழைச்சு, வீட்டில இருந்த அம்மா அப்பா போன குடும்பங்கள் அங்கே இருக்கு. அந்தச் சரிவில் ஆட்கள் இருக்கக்கூடாது என்று 2005லயும் 2011லயும் எச்சரிக்கை கொடுத்திருந்தாங்க என்பது எல்லாம் முடிஞ்ச பிறகு பத்திரிகையில வந்த செய்தி. மிஞ்சினவங்க பூனாகலைப் பக்கம் ஒரு தேயிலை ஃபாக்டரிக்குள்ள கிட்டத்தட்ட ரெண்டு வருஷம் காலம் தள்ளினாங்க. 2016ல மக்கல்தெனியவில் 75 வீடுகள் கையளிக்கப்பட்டன.

ஒக்டோபர் வந்தா எல்லாரும் இதை எழுதுறாங்க, நாங்களும் எழுதியிருக்கோம். இந்த முறை நாங்க போட்டுப் பார்த்தது வேற ஒரு கணக்கு. அன்னைக்குக் காலையில ரெண்டாம் வகுப்புக்குப் போன பிள்ளை, 2023ஆம் ஆண்டுக்கான சாதாரண தரப் பரீட்சை எழுதுற வயசுக்கு வந்தாச்சு. அதுல கணக்குப் பாடமோ ஆங்கிலமோ போயிருந்தா, தோட்டத்துல எல்லார் வாயிலயும் ஒரே புத்திமதிதான்: "சும்மா இருக்காம ஒரு கோர்ஸ் படி." எலக்ட்ரீஷியன், வெல்டிங், ஏசி மெக்கானிக், தையல், பேக்கரி. சொல்றது சுலபம். அந்தக் கோர்ஸ் முடியிற வரைக்கும் அந்தப் பிள்ளை எதைச் சாப்பிடும், எங்க தங்கும், பஸ்ஸுக்கு யார் கொடுப்பாங்க? இந்தக் கேள்வியைப் பிடிச்சுக்கிட்டுப் போனோம். நூறு வருஷம் பின்னால இழுத்துட்டுப் போயிடுச்சு.

மலையகத்துல கடன் என்கிற சொல்லுக்குத் தனி வரலாறு இருக்கு. நம்ம ஆட்கள் இந்தியாவிலிருந்து கிளம்பும்போதே கங்காணி கொடுத்த முன்பணம் கழுத்தில விழுந்துடும். கப்பல் செலவு, வழிச் செலவு, அரிசி, கம்பளி எல்லாம் அந்தக் கணக்குல ஏறும். தோட்டம் மாறணும்னா பழைய தோட்டத்துத் துரை ஒரு 'துண்டு' எழுதிக் கொடுப்பார். இவ்வளவு கடன் பாக்கி, அதைக் கட்டிட்டா ஆளை எடுத்துக்கலாம் என்று அர்த்தம். புதுத் தோட்டம் அதைக் கட்டும், கடன் அப்படியே இடம் மாறும். 1921ல சட்டம் போட்டுத்தான் துண்டு முறையை நிறுத்தினாங்க. பேப்பர்ல நின்னுபோச்சு, பழக்கத்துல கடைக்காரர் கொப்பியாவும் அடகுச் சீட்டாவும் அது இன்னும் வீட்டுக்குள்ள இருக்கு. கடன் வாங்கிப் படிக்கச் சொன்னா நம்ம பெரியவங்க ஏன் முகம் சுளிக்கிறாங்கன்னு கேட்கிறவங்களுக்கு இதைத்தான் சொல்லணும். பயந்த சுபாவம் இல்ல அது. கடன் ஆளைக் கட்டிப்போடும் என்பதை அவங்க பாட்டன் காலத்துலயே பார்த்தாச்சு.

படிப்பு விஷயத்துக்கு வருவோம். 1907ல ஒரு சட்டம் வந்தது. ஆறு வயசிலிருந்து பத்து வயசு வரைக்குமான பிள்ளைகளுக்குத் தோட்டத்திலேயே பள்ளிக்கூடம் நடத்த வேண்டியது துரையின் பொறுப்பு என்றது. பத்து வயசோட கணக்கு முடிஞ்சது, பாருங்க. அதுக்கு மேல கொழுந்துக்கூடைதான். 1945ல கன்னங்கராவின் இலவசக் கல்வி நாடு முழுக்க வந்தப்போ தோட்டப் பள்ளிகள் அதுக்கு வெளியிலேயே நின்னுச்சு. 1948ல குடியுரிமைச் சட்டம் வந்து ஆளையே வெளியில நிறுத்திடுச்சு. 1972லயும் 1975லயும் காணிச் சீர்திருத்தச் சட்டங்கள் தோட்டங்களை அரசுடைமை ஆக்கின பிறகுதான் தோட்டப் பள்ளிகள் அரசு கைக்குப் போச்சு. இலவசக் கல்வி நாட்டுக்கு வந்து நம்ம லயத்துக்கு வந்து சேர முப்பது வருஷம் எடுத்திருக்கு.

தொழிற்கல்வியின் கதை இதைவிட யோசிக்க வைக்கும். 1971 ஏப்ரல்ல தெற்கில இளைஞர் கிளர்ச்சி. அதே வருஷம் தேசிய தொழில் பழகுநர் சட்டம் வந்தது, தொழில் பழகுநர் சபை உருவாச்சு. 1987இலிருந்து 89 வரைக்கும் இரண்டாவது கிளர்ச்சி. அதைத் தொடர்ந்து இளைஞர் ஆணைக்குழு. 1990ல மூன்றாம்நிலை மற்றும் தொழிற்கல்விச் சட்டம். அதிலிருந்துதான் இன்றைய நைட்டா வந்தது. 1995ல தொழிற்பயிற்சி அதிகார சபைக்குச் சட்டம். எங்கள் வாசிப்பில், இந்த நாட்டு அரசு தொழிற்கல்வியைப் பெரும்பாலும் கோபப்பட்ட இளைஞர்களை அமைதிப்படுத்தத்தான் நினைச்சுப் பார்த்திருக்கு. அதில் தப்பில்ல, வேலை இல்லாத பிள்ளைகளுக்கு வேலை கற்றுக்கொடுக்கிறது நல்லதுதான். ஆனா 1971ல நம்ம இளைஞர்களில் பெரும்பகுதி நாடற்றவர்கள். சிறிமா சாஸ்திரி ஒப்பந்தப்படி யார் இந்தியா போறது, யார் இங்க இருக்கிறது என்று பெயர் பதிஞ்சு காத்திருந்த காலம். அரச சபையில தொழில் பழகப் போய் நிற்க அவங்க கையில குடியுரிமைப் பேப்பர் இல்ல. நாடற்றவர் பிரச்சினை 1988, 2003 சட்டங்களோடதான் ஏறக்குறைய முடிவுக்கு வந்தது. ஒரு தலைமுறை முழுசா அந்த வரிசையிலேயே நிற்கல.

நம்ம ஊர்ல படிச்சா டீச்சர், இல்லேன்னா கொழும்புக் கடை என்று ரெண்டே பாதை மனசுல பதிஞ்சிருக்கிறதுக்கும் இதுதான் காரணம் என்று நினைக்கிறோம். நடுவில ஒரு தொழில் பாதை இருக்குன்னு சொல்றதுக்கு வீட்டில முன்னால போன ஒரு அண்ணனோ அக்காவோ இல்ல.

இப்போ நிலைமை என்ன? அரச பயிற்சி நிலையங்களில் பல கோர்ஸுகளுக்குக் கட்டணம் கிடையாது, இருந்தாலும் பெயருக்குத்தான். பழகுநர்களுக்குச் சின்னதா ஒரு கொடுப்பனவும் உண்டு. பதுளையில தொழில்நுட்பக் கல்லூரி இருக்கு. ஹட்டன்ல தொண்டமான் பெயரில் தொழிற்பயிற்சி நிலையம் இருக்கு, இந்தியாவின் உதவியும் அதுக்குக் கிடைச்சது. ஆக, "ஃபீஸ் இல்லையே, அப்புறம் என்ன?" என்று கேட்கிறவங்க கேட்கலாம்.

கணக்கைப் போட்டா விளங்கும். மீரியபெத்த சரிஞ்ச வருஷத்துல தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாள் சம்பளம் 450 ரூபா. வரவுக் கொடுப்பனவு, விலைப் பங்கு எல்லாம் சேர்ந்தா 620. மாசத்துல போதுமான நாள் பெரட்டுக்குப் போகலேன்னா வரவுக் காசு வெட்டு. கொழுந்து குறைஞ்சா அரைப் பேர். அந்தச் சம்பளத்துல கொஸ்லந்தையிலிருந்து பதுளைக்கு ஒரு பிள்ளையைத் தினமும் அனுப்பி எடுக்க முடியாது. போர்டிங்ல விடணும். அதாவது சாப்பாடு, ரூம் காசு, ஓவரோல், பூட்ஸ், வீட்டுக்கு வந்து போக பஸ். இதோட சேர்த்து, அந்தப் பிள்ளை கடையிலயோ கார்மென்ட்டிலயோ நின்னிருந்தா வீட்டுக்கு வந்திருக்கும் சம்பளமும் வராது. எங்க கூட்டத்துல பேசும்போது எல்லாரும் மறந்துடற வரி இதுதான். கோர்ஸை இலவசமா வெச்சாலும் பசியை யாரும் இலவசமா வெக்கல.

இதைப் புரிஞ்சுக்கிட்டுச் செஞ்ச ஒரு உதாரணம் உலகத்துல இருக்கு. 1944ல அமெரிக்கா யுத்தத்திலிருந்து திரும்புற சிப்பாய்களுக்காக ஒரு சட்டம் போட்டது. வருஷத்துக்கு 500 டொலர் வரைக்கும் படிப்புக் கட்டணம். அதுக்கு மேல தனியாளுக்கு மாசம் 50 டொலர், குடும்பம் உள்ளவனுக்கு 75 டொலர், கையில, வாழ்றதுக்காக. சுமார் 78 லட்சம் பேர் அதைப் பயன்படுத்தினாங்க. அதுல பல்கலைக்கழகம் போனவங்க ஏறக்குறைய 22 லட்சம்தான். மிச்சப் பேர் தொழிற்பள்ளி, பண்ணைப் பயிற்சி, வேலைத்தலப் பயிற்சி. நல்லா இருந்தது என்று முழுசா சொல்லவும் முடியாது. காசு வருதுன்னு தெரிஞ்சதும் ஒண்ணும் கற்றுத்தராத தனியார் தொழிற்பள்ளிகளும் முளைச்சது, கறுப்பினச் சிப்பாய்களுக்கு அதே சலுகை அதே மாதிரி போய்ச் சேரல. ஆனா கட்டணத்தையும் வயித்துப்பாட்டையும் ரெண்டு தனிச் செலவா பார்த்தாங்க, நாங்க பிடிச்சுக்கிற விஷயம் அதுதான்.

இங்க மஹாபொல 1981ல தொடங்கினது. பல்கலைக்கழகப் பிள்ளைக்கு மாசா மாசம் ஒரு கைக்காசு. எத்தனையோ மலையகப் பிள்ளைகள் அதாலதான் பட்டம் முடிச்சாங்க. 1940களில் இந்தியத் தரப்பின் முயற்சியால் வந்த தோட்டத் தொழிலாளர் கல்வி நிதியம் உயர்தரத்துக்கும் பல்கலைக்கழகத்துக்கும் புலமைப்பரிசில் தருது. 2017ல அரசு வட்டியில்லா மாணவர் கடன் கொண்டுவந்தது. அது கேம்பஸ் கிடைக்காதவங்களுக்குத்தான், ஆனா உயர்தரம் பாஸ் ஆகியிருக்கணும், அரசு சாராத நிறுவனத்துல பட்டப் படிப்பா இருக்கணும். மூணையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாருங்க. ஓஎல்லோட நின்ன பிள்ளை, வெல்டிங் படிக்க நினைக்கிற பிள்ளை, இந்த மூணு கதவிலும் வெளியில நிற்கும். மேல போறவனுக்கு உதவி கூடிக்கிட்டே போகுது, கீழ நிற்கிறவனுக்கு "ஃபீஸ் இல்லையே" என்கிற ஒரு பதில்.

சரி, வங்கியில வேற கடன் எடுக்கலாமே? வங்கிகள் வழக்கமா கேட்கிறது ரெண்டு: நிரந்தரச் சம்பளம் உள்ள பிணையாள், இல்லேன்னா ஈடு வெக்க ஒரு சொத்து. லயம் நம்ம பேர்ல கிடையாது, அதை ஈடு வெக்க முடியாது. ஏழு பேர்ச் காணி கிடைச்ச இடங்களிலும் உறுதிப் பத்திரம் கைக்கு வர்றது ஒரு தனிக் கதை. பிணைக்கு அப்பா அம்மா செக்ரோலைக் காட்டலாம்னா, நாள் சம்பளத்தை நிரந்தர வருமானமா எடுக்கமாட்டாங்க. மிஞ்சுறது தோடு. அதுவும் போனா வாரக் கடன் கொடுக்கிற மைக்ரோ ஃபைனான்ஸ். அந்தக் கடன் முதல் வாரமே திருப்பிக் கேட்கும், கோர்ஸ் முடிஞ்சு வேலை கிடைக்கிற வரைக்கும் பொறுக்காது. படிப்புக் கடன் என்றாலே சம்பாதிக்கத் தொடங்கின பிறகு கட்டுறது என்றுதான் உலகத்துல அர்த்தம்.

மீரியபெத்த பிள்ளைகளுக்கு இதுக்கு மேலயும் ஒரு படி இருக்கு. பலருக்குப் பிணைக்கு வர அம்மா அப்பாவே இல்ல. லயத்தோட சேர்ந்து தகரப்பெட்டியும் போச்சு. பிறப்புச் சான்றிதழ், ஸ்கூல் ரிப்போர்ட், அம்மாவோட தோடு எல்லாம் அந்த மாதிரிப் பெட்டிக்குள்ளதான் நம்ம வீடுகளில் இருக்கும். அந்தச் சமயத்துல உதவி நிறைய வந்தது, உண்மை. உடுப்பு, அரிசி, கொப்பி, பால்மா. பத்து வருஷம் கழிச்சு அதே பிள்ளைக்கு ஆறு மாசப் போர்டிங் காசு தேவைப்படும் என்று யாரும் அன்னைக்கு ஒரு கணக்குத் திறந்து வெக்கல.

நாங்க கேட்கிறது பெரிய தொகை இல்ல. பயிற்சிக் காலம் முழுக்க மாசம் ஒரு வாழ்க்கைப்படி, மஹாபொல மாதிரியே, தொழிற்பயிற்சிப் பிள்ளைக்கும். கடன்தான் தருவேன்னா பிணையாள் கேட்காத, வேலை கிடைச்ச பிறகு திருப்பிக் கட்டுற கடன். கோர்ஸும் விண்ணப்பமும் தமிழ்ல. பதுளை மாவட்டத்துல தமிழ்ல நடக்கிற கோர்ஸ் எத்தனை என்று பட்டியல் போட்டுப் பார்க்கிறது எங்க அடுத்த வேலை. பண்டாரவளை, அப்புத்தளை, பசறை, லுணுகலைப் பக்கம் இருக்கிறவங்க உங்க ஊர் நிலையத்துல எந்தக் கோர்ஸ் எந்த மொழியில நடக்குது, போர்டிங்குக்கு மாசம் எவ்வளவு போகுதுன்னு எழுதி அனுப்புங்க. கோர்ஸைப் பாதியில விட்டவங்களும் எழுதுங்க, எந்த மாசத்துல விட்டீங்க என்பதையும் சேர்த்து.