கண்ணில் தெரியும் கோட்டைச் சுவர்

1865இல் ஜார்ஜ் பிடெல் ஏரி தம் கண்ணைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். இங்கிலாந்தின் அரச வானியலாளர் அவர். கிரீனிச் வானாய்வகத்தின் தலைவர். நட்சத்திரங்கள் நகர்வதைப் பிசகாமல் குறித்துப் பழகிய மனிதர். அவ்வப்போது அவருடைய பார்வையின் நடுவே ஒரு மங்கல் தோன்றும். பிறகு அது பல்பல்லான ஒளிக்கோடாகி, விளிம்பை நோக்கி மெல்ல விரிந்து, அரைமணி நேரத்துக்குள் மறைந்துவிடும். அது விரியும் ஒவ்வொரு கட்டத்தையும் வானியல்காரருக்கே உரிய கறாரோடு அவர் வரைந்து வைத்தார். தலைவலி மட்டும் அவருக்கு வந்ததில்லை.

மகன் ஹியூபர்ட் ஏரிக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. அதே ஒளிக்கோடு அவருக்கும் வந்தது. பின்னாலேயே மண்டையைப் பிளக்கும் வலியும் வந்தது. மருத்துவரான அவர் 1870இல் ராயல் சொசைட்டியின் இதழில், கொத்தளங்கள் சூழ்ந்த கோட்டை நகரத்தின் வரைபடம் போன்ற ஓவியங்களோடு ஒரு கட்டுரை வெளியிட்டார். சில வேளைகளில் பேச்சும் குழறும் என்று அதில் குறிப்பிட்டிருக்கிறார். ஒற்றைத் தலைவலியின் ‘ஆரா’ என்று இன்றைய மருத்துவர்கள் சொல்வது இதைத்தான். ஒற்றைத் தலைவலி உள்ள எல்லோருக்கும் ஆரா வருவதில்லை, சிறுபான்மையினருக்கே வரும்.

பேச்சுக் குழறல், கை மரத்துப்போதல், பாதிப் பார்வை மறைதல். பட்டியலைப் பார்க்கும் எவருக்கும் பக்கவாதம்தான் நினைவுக்கு வரும். 2011 கிராமி விருது விழாவின்போது, லாஸ் ஏஞ்சல்ஸ் தொலைக்காட்சிச் செய்தியாளர் செரீன் பிரான்சன் நேரலையில் பொருளற்ற சொற்களை உளறியதைப் பார்த்தவர்கள் பலரும் பக்கவாதம் என்றே முடிவு கட்டினார்கள். பரிசோதித்த மருத்துவர்கள் ஒற்றைத் தலைவலியின் ஆரா என்றார்கள். ஆரா நிமிடக்கணக்கில் ஊர்ந்து பரவும். பக்கவாதம் பெரும்பாலும் ஒரே அடியாக அடிக்கும். ஆனாலும் முதன்முறை வருகிறவர் இதை வீட்டிலிருந்தே பிரித்தறிய முயல்வது ஆபத்து. உடனே மருத்துவமனைக்குப் போவதே சரி.

ஆரா பக்கவாதமாக மாறுமா என்ற கேள்வி பாரிஸின் சால்பெட்ரியேர் மருத்துவமனையில் 1880களிலேயே எழுந்துவிட்டது. வந்து மறைய வேண்டிய பார்வைக் குறையும் வாய்க்குழறலும் சிலரிடம் நிரந்தரமாகத் தங்கிவிடுவதை நரம்பியல் மருத்துவர் ஷார்கோவும் அவருடைய மாணவர் ஷார்ல் ஃபெரேவும் கவனித்தார்கள். இருபதாம் நூற்றாண்டில் நியூயார்க்கின் நரம்பியல் மருத்துவர் ஹெரால்ட் வுல்ஃப் அதற்கு எளிய விளக்கம் ஒன்றைக் கொடுத்தார்: ரத்தக்குழாய் சுருங்கினால் ஆரா, விரிந்தால் வலி. அப்படியானால் சுருக்கம் நீடித்தால் பக்கவாதம். கச்சிதமான விளக்கம்தான். அந்தக் கச்சிதமே பல பத்தாண்டுகள் அதைக் கேள்வி கேட்கவிடாமல் காப்பாற்றியது என்று தோன்றுகிறது.

அதைக் கவிழ்க்கும் சான்று 1940களிலேயே தயாராக இருந்தது. ஆனால் இரண்டு துண்டுகளாக. முதல் துண்டு, உளவியலாளர் கார்ல் லாஷ்லியுடையது. அவரும் ஒற்றைத் தலைவலிக்காரர். தம் பார்வையில் ஒளிக்கோடு நகரும் நேரத்தைக் கணக்கிட்டு, மூளையின் பார்வைப் பகுதியில் ஏதோ ஒன்று நிமிடத்துக்கு 3 மில்லிமீட்டர் வேகத்தில் ஊர்கிறது என்று 1941இல் எழுதினார். இரண்டாவது துண்டு, ஹார்வர்டில் ஆய்வு மாணவராக இருந்த பிரேசில்காரர் அரிஸ்டிடிஸ் லியாவோவுடையது. வலிப்பு நோயைப் பற்றி ஆராய முயல்களின் மூளையைத் தூண்டியவர், எதிர்பார்த்த மின்கொந்தளிப்புக்குப் பதில் மின்செயல்பாடு அடங்கி ஓர் அமைதி அலையாகப் பரவுவதைக் கண்டார். 1944இல் அதை வெளியிட்டார். அலையின் வேகம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 3 மில்லிமீட்டர்! இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துச் சொல்ல 1958இல் உளவியலாளர் பீட்டர் மில்னர் வரவேண்டியிருந்தது. மனித மூளையில் அந்த அலையின் தடத்தை ஸ்கேனில் பிடிக்கவோ 2001 வரை ஆனது. கூடைப்பந்து ஆடினால் ஆரா வந்துவிடும் ஒருவர் கிடைத்தார். அவரை ஆடவிட்டு, நேரே ஸ்கேன் கருவிக்குள் படுக்க வைத்தார்கள்.

ஆக, ஆராவின் தொடக்கம் குழாயில் அல்ல, நரம்பணுக்களில். ரத்த ஓட்டம் குறைவது அந்த அலையின் பின்னால்தான்.

இதற்கிடையில் முற்றிலும் வேறொரு வாசல் வழியே பக்கவாதம் உள்ளே வந்தது. 1960இல் அமெரிக்கா ‘எனோவிட்’ மாத்திரையைக் கருத்தடைக்கு அனுமதித்தது. தொடக்கக்கால மாத்திரை ஒன்றில் 150 மைக்ரோகிராம் ஈஸ்ட்ரோஜன் இருந்தது. சில ஆண்டுகளுக்குள் இளம்பெண்களுக்கு ரத்தம் உறைந்து பக்கவாதம் வந்த செய்திகள் மருத்துவ இதழ்களில் தலைகாட்டின. 1973இல் அமெரிக்க ஆய்வுக்குழு ஒன்று, மாத்திரை சாப்பிடும் பெண்களுக்கு இவ்வகைப் பக்கவாத வாய்ப்பு சுமார் ஒன்பது மடங்கு என்றது. 1975இல் அதே குழு உடன் நிற்கும் காரணிகளை ஆராய்ந்தபோது ரத்த அழுத்தம், புகைப்பழக்கம் இவற்றோடு ஒற்றைத் தலைவலியும் வரிசையில் நின்றது. பெண்களின் சில்லறைத் தொந்தரவாக ஒதுக்கப்பட்டிருந்த தலைவலியை, தலைவலிக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு மாத்திரை கணக்கெடுப்புக்குள் கொண்டுவந்தது.

1995இல் கிறிஸ்டோஃப் சூரியோ குழுவினர் பிரான்சில் 45 வயதுக்கு உட்பட்ட பெண்களை ஆராய்ந்தார்கள். பக்கவாதம் கண்டவர்கள் 72 பேர். ஒப்பிட 173 பேர். ஒற்றைத் தலைவலி இருந்தால் வாய்ப்பு மூன்றரை மடங்கு, ஆராவும் இருந்தால் ஆறு மடங்கு, ஒற்றைத் தலைவலியோடு கருத்தடை மாத்திரையும் சேர்ந்தால் கிட்டத்தட்ட 14 மடங்கு. மடங்குகளைக் கேட்டால் பயமாக இருக்கும். ஆனால் அந்த வயதில் பக்கவாதமே அபூர்வம். ஒற்றைத் தலைவலி உள்ள பெண்களில் ஆண்டுக்கு ஒரு லட்சத்துக்கு 19 பேர் என்ற அளவில்தான் அதே ஆய்வு மதிப்பிட்டது. இத்தகைய ஆய்வுகளில் ஒரு சந்தேகம் எப்போதும் உண்டு: பக்கவாதம் வந்தவர் பழைய தலைவலியை மற்றவர்களைவிட நன்றாக நினைவுகூரக்கூடும். 2006இல் ஆய்வாளர் டோபியாஸ் கர்த் அந்தச் சந்தேகத்தைக் குறைத்தார். ஆஸ்பிரினைச் சோதிக்கத் தொடங்கிய அமெரிக்க ஆய்வொன்றில், 45 வயதைத் தாண்டிய 27,840 பெண்களிடம் தலைவலி விவரம் முன்கூட்டியே கேட்கப்பட்டிருந்தது. சுமார் பத்தாண்டு தொடர்ந்து பார்த்ததில், ஆரா உள்ளவர்களுக்கு ரத்த அடைப்பால் வரும் பக்கவாதம் ஏறத்தாழ இரு மடங்கு. ஆரா இல்லாதவர்களுக்குக் கூடுதல் இல்லை.

சில குடும்பங்களில் இரண்டு நோய்க்கும் வேர் ஒன்றே. 1976இல் பாரிஸில் நரம்பியல் மருத்துவர் மாரி-ஜெர்மேன் பூசேர் பார்த்த ஒரு நோயாளியிடமிருந்து தொடங்கிய தேடல், 1996இல் ‘நாட்ச்3’ என்ற மரபணுவில் போய் முடிந்தது. அதில் பிழை இருந்தால் மூளையின் நுண்குழாய்கள் சிதையும். பலருக்கு இளவயதில் ஆரா, பிறகு நடுவயதில் பக்கவாதம். அந்தப் பணிக்கு 2019இல் ‘பிரெய்ன் பரிசு’ கிடைத்தது.

இதயமும் வழக்கில் இழுக்கப்பட்டது. கருவில் திறந்திருக்கும் இதயத் துளை ஒன்று நால்வரில் ஒருவருக்குப் பிறந்தபின்னும் மூடுவதில்லை. அதன் வழியே நுண்ணிய ரத்த உறைவு மூளைக்குப் போகலாம். ஆழ்கடல் முக்குளிப்பவர்களுக்கு அந்தத் துளையை அடைத்தபோது தலைவலியும் குறைந்ததாக, இதய மருத்துவர் பீட்டர் வில்ம்ஸ்ஹர்ஸ்ட் 2000இல் எழுதினார். பாஸ்டனின் என்எம்டி மெடிக்கல் நிறுவனம் தன் அடைப்பானை வைத்து 147 பேரிடம் சோதனை நடத்தியது. அடைத்தவர்களில் மூவருக்கும் அடைக்காதவர்களில் மூவருக்கும் தலைவலி நின்றது, அவ்வளவுதான். சோதனையில் பங்குகொண்ட வில்ம்ஸ்ஹர்ஸ்டே அதை நடத்திய விதத்தை விமர்சித்தார். நிறுவனம் அவர்மீது இங்கிலாந்தில் அவதூறு வழக்குப் போட்டது. 2011இல் நிறுவனமே மூடப்பட்டதால்தான் அது முடிந்தது. 2013இல் அங்கே அவதூறுச் சட்டம் திருத்தப்பட்டதற்கு இந்த வழக்கும் ஒரு காரணம்.

மாத்திரை விஷயம் மட்டும் நடைமுறையாகிவிட்டது. ஆரா வரும் பெண்ணுக்கு எந்த வயதிலும் ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரை கூடாது என்பது உலக சுகாதார அமைப்பின் வழிகாட்டல். நம் அரசு மருத்துவமனைகளில் இலவசமாகக் கிடைக்கும் ‘மாலா-என்’ மாத்திரையும் ஈஸ்ட்ரோஜன் கலந்ததுதான். அளவு 30 மைக்ரோகிராம். காப்பர்-டிக்கோ, புரோஜெஸ்டின் மட்டும் உள்ள மாத்திரைக்கோ அந்தத் தடை இல்லை. எனவே மாத்திரை எழுதும் முன், “தலைவலிக்கு முன்னாடி கண்ணுல ஏதாவது தெரியுமாம்மா?” என்று மருத்துவர் கேட்டாக வேண்டும். அவர் கேட்க மறந்தால், பெண்களே சொல்லிவிடலாம்.