உயிர்ப்பாறை

கடல்நீர் மீன்தொட்டிகளில் வைக்கப்படும், உயிரினங்கள் குடியேறிய சுண்ணாம்புக் கல். பெரும்பாலும் இறந்த பவளத்தின் துண்டு. மேற்பரப்பில் வாழும் பாக்டீரியாக்கள் மீன்கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் பின் நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. ஆக்சிஜன் குறைந்த உள்துளைகளில் வேறு பாக்டீரியாக்கள் நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக்கி வெளியேற்றுகின்றன. இந்தோனேசியாவின் லீ சின் எங் 1960களின் தொடக்கத்தில் தொட்டிகளில் உயிர்ப்பாறை வைக்கும் முறையைப் பரவலாக அறியச் செய்தார்.

கடலிலிருந்து வரும் வழியிலேயே கல்லில் ஒட்டிய கடற்பஞ்சுகளும் புழுக்களும் பாசிகளும் செத்து அழுகத் தொடங்கும். அப்படியே தொட்டியில் இட்டால் பொங்கும் அம்மோனியா மீன்களைக் கொல்லும். ஆகவே பதப்படுத்துதல் கட்டாயம். கல்லை உப்புநீரில் அலசி, அழுகியவற்றைத் தூரிகையால் தேய்த்து நீக்க வேண்டும். குழாய்நீர் கூடாது, நன்னீரும் குளோரினும் காக்க வேண்டிய பாக்டீரியாக்களையே அழித்துவிடும். பிறகு தனித் தொட்டியில், சுமார் 25 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையில், வலுவான நீரோட்டத்துடன் இருட்டில் வைத்து, நீரை அடிக்கடி மாற்ற வேண்டும். அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூச்சியமாகி அழுகல் நாற்றம் அடங்கும்வரை, சில வாரங்கள் பொறுக்க வேண்டும். அவசரம் இங்கே உயிர்களைப் பலிவாங்கும்.

கல்லை ஒருபோதும் கொதிக்க வைக்கக் கூடாது. அதில் ஒட்டியிருக்கக்கூடிய சில சோவாந்திட் உயிரிகளின் பாலிடாக்சின் நஞ்சு ஆவியோடு கலந்து, அறையில் இருப்போரைக் கடுமையாகப் பாதிக்கும்.

இந்தியாவில் பவளப்பாறை உருவாக்கும் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன. மன்னார் வளைகுடாவில் அவற்றை எடுப்பது குற்றம். ஆகவே கடலிலிருந்து எடுத்த கல்லுக்குப் பதிலாக, உலர்ந்த சுண்ணாம்புக் கல்லில் பாக்டீரியாவை வளர்த்தெடுப்பதே நல்ல மாற்று, ஆனால் காலம் கூடுதலாகும்.