பார்வைக்குத் திரை, ஒளிக்கு வழி: மஷ்ரபிய்யா சாளரங்களின் வரலாறு தரும் பாடம்



சென்ற ஆண்டு கோடையில் எங்கள் இல்லத்தில் நிகழ்ந்த சிறு நிகழ்ச்சி ஒன்றே இக்கட்டுரைக்குக் காரணம். பழைய ஓட்டு வீட்டை விட்டு, அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றின் இரண்டாம் தளத்திற்கு நாங்கள் குடிபெயர்ந்திருந்தோம். கூடத்தில் மேற்கு நோக்கிய பெரிய கண்ணாடிச் சாளரம். தெருவுக்கு அப்பால் ஒரு வீட்டின் மொட்டை மாடி. வீட்டுப் பெண்களின் மறைவைக் கருதி, கனத்த துணியில் தரை தொடும் திரையை வாங்கி மாட்டினோம். அன்று முதல் நண்பகலிலும் கூடத்தில் மின்விளக்கு எரிந்தது. எழுபது வயதைக் கடந்த எங்கள் உம்மா ஒரு நாள் மாலை, "அஸர் ஆயிருச்சா வாப்பா? பழைய வீட்டுல செவத்து வெயிலப் பாத்தே நேரஞ் சொல்லிருவேன். இங்க பகலும் தெரியல, ராவும் தெரியல" என்றார்கள்.

அச்சொல் எங்களைச் சிந்திக்க வைத்தது. மதரஸாவில் தொழுகை நேரங்களைப் பற்றிய பாடத்தில் ஆண்டுதோறும் நாம் நடத்தும் நபிமொழி ஒன்று உண்டு. நபி (ஸல்) அவர்கள் அஸர் தொழும் வேளையில் வெயில் தமது அறைக்குள்ளேயே இருந்தது, நிழல் இன்னும் மேலேறியிருக்கவில்லை என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்கும் செய்தி அது. புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ளது. அஸரின் நேரத்தை அறிவதற்கான சான்றாகவே அதனை இதுகாறும் கற்பித்து வந்தோம். அண்ணலாரின் சின்னஞ்சிறு இல்லத்திற்குள் மாலை வெயில் வந்து விழுந்தது என்ற செய்தியும் அதனுள் இருப்பது அன்றுதான் எமக்கு உறைத்தது. மறைவுக்கு எடுத்துக்காட்டான அந்த இல்லம் இருண்ட இல்லமாக இருக்கவில்லை.

திரை எதன் பொருட்டு?

அண்ணலாரின் இல்லத்தில் திரை இருந்தது. தம் இறுதி நோயின்போது, ஒரு திங்கட்கிழமை சுப்ஹுத் தொழுகையில், அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் அறைத் திரையை விலக்கி, அபூபக்ர் (ரலி) அவர்களின் பின்னே அணிவகுத்து நின்ற மக்களை நோக்கிப் புன்னகை புரிந்தார்கள். பின்னர் திரையைத் தாழ்த்திவிட்டார்கள். அன்னையார் ஒருமுறை தொங்கவிட்டிருந்த உருவங்கள் கொண்ட திரை, தொழுகையில் தம் கவனத்தைக் கலைக்கிறது எனக் கூறி அதனை அகற்றச் சொன்னதும் புகாரியில் உண்டு. கல்லுக்கும் மண்ணுக்கும் ஆடை உடுத்துமாறு அல்லாஹ் நமக்குக் கட்டளையிடவில்லை என்ற கருத்தில் அவர்கள் கூறியது முஸ்லிமில் இடம்பெறுகிறது. ஆக, திரை வேண்டும். ஆனால் அது ஆடம்பரத்திற்காக அன்று.

பின் எதற்காக? நபி (ஸல்) அவர்களின் வீட்டுக் கதவின் துளை வழியே ஒருவர் உள்ளே எட்டிப் பார்த்தபோது, அனுமதி கோருதல் என்னும் சட்டமே பார்வையின் பொருட்டு ஏற்பட்டது என அவர்கள் கண்டித்ததை ஸஹ்ல் இப்னு ஸஅத் (ரலி) அறிவிக்கிறார்கள். தடுக்கப்பட வேண்டியது அயலார் பார்வை. அல்லாஹ் அருளிய வெளிச்சமன்று. திருக்குர்ஆனின் 24ஆம் அத்தியாயத்தில் பிறர் இல்லத்தில் நுழைய அனுமதி கோரும் கட்டளை 27ஆம் வசனத்திலும், பார்வையைத் தாழ்த்தும் கட்டளை 30, 31ஆம் வசனங்களிலும் வருகின்றன. விளக்கு மாடத்தை உவமையாகக் கொண்ட ஒளி வசனம் அவற்றை அடுத்து 35ஆவதாக வருகிறது. அந்த அத்தியாயத்தின் பெயரே 'அந்நூர்', அதாவது ஒளி.

ஃபுஸ்தாத் நகரின் மேல்மாடி

நம் முன்னோர் இவ்விரண்டையும் எவ்வாறு இணைத்தனர் என்பதற்கு எகிப்து நல்ல சான்று. கி.பி. 641 அளவில் அம்ர் இப்னுல் ஆஸ் (ரலி) அவர்கள் நைல் நதிக்கரையில் ஃபுஸ்தாத் நகரை நிறுவினார்கள். அங்கு காரிஜா இப்னு ஹுதாஃபா (ரலி) அவர்கள் தம் வீட்டின்மீது ஒரு மேல்மாடி அறை கட்டிய செய்தி மதீனாவில் கலீஃபா உமர் (ரலி) அவர்களை எட்டியது. அவ்வறையில் ஒரு கட்டிலை இட்டு, அதன்மீது நெட்டையோ குட்டையோ அல்லாத ஒரு மனிதரை நிற்கச் செய்யுமாறும், அவர் சாளரம் வழியே அண்டை வீட்டைக் காண முடியுமாயின் அதனை இடித்துவிடுமாறும் அம்ர் (ரலி) அவர்களுக்குக் கலீஃபா எழுதினார்கள். கி.பி. 871இல் மறைந்த எகிப்திய வரலாற்றாசிரியர் இப்னு அப்தில் ஹகம் இதனைப் பதிவு செய்துள்ளார்.

இந்த அளவுகோல் பின்னர் மாலிக்கி மத்ஹபின் சட்ட நூல்களிலும் இடம்பெற்றது. 14ஆம் நூற்றாண்டில் துனிஸ் நகரில் வாழ்ந்த இப்னுர் ராமி என்பார் கட்டடத் தொழிலில் தேர்ந்தவர். கட்டடங்கள் பற்றிய மார்க்கச் சட்டங்களைத் தொகுத்துத் தனி நூலே எழுதியவர். அண்டை வீட்டை நோக்கும் சாளரங்களால் எழும் வழக்குகள் அந்நூலில் பேசப்படுகின்றன. உமர் (ரலி) அவர்களின் ஆணை, இருளில் அமருமாறு அண்டை வீட்டாரிடம் கூறவில்லை. உயரத்தில் சாளரம் வைத்தவர் மீதே பொறுப்பைச் சுமத்தியது. நம் சாளரத்தால் அயலாரின் மறைவு கெடாதவாறு காப்பது நம் கடமை என்பதே அதன் சாரம்.

கெய்ரோவின் மரப் பின்னல்

ஃபுஸ்தாத்துக்கு அருகே கி.பி. 969இல் கெய்ரோ எழுந்தது. மக்கள் பெருகினர், தெருக்கள் குறுகின, வீடுகள் உயர்ந்தன. குறுகிய தெருவில் எதிரெதிர் மாடிகளில் வாழ்வோர் காற்றையும் ஒளியையும் இழக்காமல் மறைவைப் பேணுவது எப்படி? இவ்வினாவுக்கு அந்நகரத்துத் தச்சர்கள் தந்த விடையே மஷ்ரபிய்யா. மேல்மாடிச் சுவரிலிருந்து தெருப்பக்கம் துருத்தி நிற்கும் இச்சாளரத்தில் கண்ணாடி இல்லை. கடைசல் பிடித்த சிறு சிறு மரத்துண்டுகளை ஒன்றோடொன்று பொருத்தி நெய்த பின்னலே அதன் முகப்பு. சிறந்த வேலைப்பாடுகளில் ஆணியோ பசையோ இராது. எகிப்தில் நல்ல மரம் அரிது; வெளிநாட்டிலிருந்து வர வேண்டும். எனவே சிறு துண்டும் வீணாகாமல் பயன்பட்டது. கடும் வெப்பத்தில் பெரிய பலகை வெடிக்கும், வளையும். சிறு துண்டுகளின் பொருத்துகளில் மரம் விரிந்து சுருங்க இடமிருந்தது.

ஷர்ப் என்றால் அருந்துதல். குடிநீர் நிறைந்த மண் கூஜாக்களைக் காற்றோட்டமுள்ள இச்சாளரத்தில் வைத்துக் குளிரச் செய்ததால் இப்பெயர் வந்தது என்பர். மண்பானையின் நுண்துளைகளில் கசியும் நீர் ஆவியாகி உள்ளிருக்கும் நீரைக் குளிர்விக்கும் என்பதை நம் வீட்டுப் பெண்களும் அறிவர். அங்கோ அப்பானையைத் தழுவி வரும் காற்றும் குளிர்ந்து அறைக்குள் நுழைந்தது.

கெய்ரோவின் தர்புல் அஸ்ஃபர் தெருவில் உள்ள பைத்துஸ் ஸுஹைமி என்னும் மாளிகையில் இவற்றை இன்றும் காணலாம். அதன் முதற்பகுதி 1648இலும் விரிவாக்கம் 1796இலும் எழுந்தவை. 1825 முதல் அந்நகரில் தங்கி, 1836இல் எகிப்தியரின் வாழ்க்கை முறை பற்றி நூல் வெளியிட்ட ஆங்கிலேயர் எட்வர்ட் லேன் மற்றொன்றையும் குறித்துள்ளார். கீழ்த்தளத்துச் சாளரங்கள், குதிரைமீது செல்பவரும் உள்ளே காண இயலாத உயரத்தில் வைக்கப்பட்டிருந்தனவாம். உமர் (ரலி) அவர்களின் கட்டில் அளவுகோல் மேல்மாடிக்கு, இது தெருமட்டத்திற்கு. நோக்கம் ஒன்றே.

அது செயல்பட்ட விதம்

மண்ணால் வீடு கட்டும் மரபை மீட்க உழைத்த எகிப்தியக் கட்டடக் கலைஞர் ஹஸன் ஃபத்ஹி (1900–1989), மஷ்ரபிய்யா ஐந்து பணிகளைச் செய்கிறது என விளக்கினார். ஒளியைக் கட்டுப்படுத்தல், காற்றோட்டத்தைக் கட்டுப்படுத்தல், வரும் காற்றின் வெப்பத்தைத் தணித்தல், அதில் ஈரத்தைக் கூட்டுதல், மறைவைக் காத்தல் ஆகியவை அவை. பின்னல் எங்கும் ஒரே நெருக்கமாக இராது. மனிதரின் கண் மட்டத்தில் நெருக்கமாக இருக்கும். அதற்கு மேலே இடைவெளிகள் அகலும். கீழ்ப்பகுதி பார்வையைத் தடுத்து, கண்ணைக் கூசச் செய்யும் வெயிலை உடைக்கும். மேற்பகுதி வெளிச்சத்தையும் காற்றையும் தாராளமாக அனுமதிக்கும். மரத்துண்டுகள் உருண்டையாக இருப்பதால் ஒளி அவற்றின் வளைவில் படிப்படியாக மங்கி, மென்மையாக உள்ளே வரும்.

பகலில் வெளியே ஒளி மிகுதி, உள்ளே குறைவு. ஆகவே உள்ளிருப்பவர் தெருவைக் காணலாம். தெருவில் நிற்பவர் உள்ளே காண இயலாது. இரவில் உள்ளே விளக்கேற்றினால் இந்நிலை தலைகீழாகிவிடும். அப்போது வேறு மறைப்புத் தேவை. (உள்ளிருந்து காண முடிகிறது என்பதால் பார்வையைத் தாழ்த்தும் கடமை நீங்கிவிடாது என்பதையும் நினைவிற் கொள்வோம்.)

இக்கலை எகிப்தோடு நின்றுவிடவில்லை. ஹஜ்ஜுக்குக் கப்பலேறிய நம் முன்னோர் ஜித்தாவில் கரையிறங்கியபோது கண்டவை, செங்கடலின் பவளக்கல்லால் எழுந்த உயர்ந்த வீடுகளையும் அவற்றின் முகப்பை மறைத்து நின்ற 'ரோஷன்' எனும் மரச்சாளரங்களையுமே. அவற்றுக்கான தேக்கு இந்தியாவிலிருந்தும் தென்கிழக்காசியாவிலிருந்தும் கடல்வழியே சென்றது. அந்தப் பழைய நகர்ப்பகுதியை யுனெஸ்கோ 2014இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. முகலாயர் ஆட்சியில் மரத்துக்குப் பதில் வேர் பயன்பட்டது. மணமுள்ள வேரால் பின்னிய தட்டிகளை நனைத்துக் கோடையைக் குளிராக்கியதை அக்பரின் அவைக்களத்து அபுல் ஃபஸ்ல் 'ஆயினே அக்பரி'யில் குறித்துள்ளார். அவ்வேருக்கு உலகம் இன்று வழங்கும் 'வெட்டிவெர்' எனும் பெயர் நம் தமிழின் வெட்டிவேரே.

கண்ணாடி வந்த பின்

கதீவ் இஸ்மாயில் (1863–1879) ஆட்சியில் கெய்ரோவில் ஐரோப்பிய முறையிலான புதிய பகுதிகள் எழுந்தன. அகன்ற தெருக்களும் கண்ணாடிச் சாளரங்களும் நாகரிகத்தின் அடையாளமாயின. பழைய மஷ்ரபிய்யாக்கள் பல கழற்றி விற்கப்பட்டன. சில இன்று ஐரோப்பிய அருங்காட்சியகங்களில் நிற்கின்றன.

கண்ணாடி பார்வையைத் தடுப்பதில்லை. மூடினால் காற்றை விடுவதுமில்லை. அதன் குறையை ஈடுசெய்ய உட்புறம் கனத்த துணியைத் தொங்கவிடுகிறோம். அது ஒளியைத் தடுக்கிறது. வெப்பத்தை முழுமையாகத் தடுப்பதில்லை. கண்ணாடியைக் கடந்த வெயில் துணியைச் சூடாக்கி, அச்சூடு அறைக்குள்ளேயே தங்கிவிடுகிறது. இதனால் அல்லல் உறுவோர் யார்? தொழுகைக்கும் தொழிலுக்கும் வெளியே சென்று வரும் ஆண்கள் அல்லர். பகல் முழுதும் வீட்டிலிருக்கும் தாய்மாரும் முதியோரும் குழந்தைகளுமே. மறைவின் பெயரால் அவர்களின் பகலை நாம் பறித்துவிடலாகாது.

எங்கள் சாளரத்தில் செய்தது

உமர் (ரலி) அவர்களின் அளவுகோலை எங்கள் வீட்டிலேயே சோதிக்க எண்ணினோம். எதிர்வீட்டாரின் அனுமதி பெற்று, எங்கள் மகனை அவர்களது மொட்டை மாடியில் நிறுத்தி, எங்கள் கூடம் எதுவரை தெரிகிறது எனக் கேட்டோம். கண்ணாடியின் கீழ்ப்பாதி வழியாகவே உள்ளே தெரிந்தது. மேற்பாதியில் மேல்தளம் மட்டுமே தென்பட்டது. அதைவிட முக்கியமான ஒன்றை மகன் திரும்பி வந்து சொன்னான். அவ்வீட்டுப் பெண்கள் துணி உலர்த்தும் இடம் எங்கள் சாளரத்திலிருந்து தெளிவாகத் தெரிகிறது! எங்கள் மறைவையே எண்ணியிருந்த எமக்கு, காரிஜா (ரலி) அவர்களின் மேல்மாடியில் இருப்பவர்கள் நாங்கள்தாம் என்பது நாணத்தோடு விளங்கிற்று.

அதன்பின் செய்தவை எளியவை. சாளரத்தின் வெளிப்புறம், கண்ணாடிக்கு முன்னால், சுருட்டி இறக்கும் மூங்கில் தட்டி ஒன்றைக் கட்டினோம். கண்ணாடியைத் தொடுமுன்பே மாலை வெயில் அதில் உடைகிறது. கீழ்ப்பாதிக்கு மட்டும், நிற்பவரின் தலைக்குச் சற்று மேல்வரை, வெண்ணிற மெல்லிய பருத்தித் திரையிட்டோம். மேற்பாதியைத் திறந்துவிட்டோம். கனத்த திரையை வீசி எறியவில்லை. மஃரிபுக்கு விளக்கேற்றும் முன் அதனை இழுத்துவிடுகிறோம். சுப்ஹுக்குப் பின், வெயில் ஏறியதும் ஒதுக்கிவிடுகிறோம். லுஹருக்குப் பின் ஓய்வெடுக்கும் வேளையில் படுக்கையறைத் திரையும் மூடியிருக்கும். பிள்ளைகளும் அனுமதி கேட்டே நுழைய வேண்டிய மூன்று நேரங்களாக அந்நூர் அத்தியாயத்தின் 58ஆம் வசனம் சுட்டுபவை சுப்ஹுக்கு முன், நண்பகல் ஓய்வு, இஷாவுக்குப் பின் என்பதை நாம் அறிவோம். எங்கள் திரை இப்போது பெரும்பாலும் அந்த நேரங்களைத் தழுவியே அசைகிறது.

திரை வாங்கக் கடைக்குச் செல்லுமுன் துணியின் நிறத்தையும் விலையையும் மட்டும் பாராமல் சிலவற்றை வீட்டிலேயே கேட்டுக்கொள்வோம். அயலார் பார்வை எந்த உயரத்திலிருந்து வருகிறது? வெயில் எத்திசையிலிருந்து விழுகிறது? பகலுக்கு எது, இரவுக்கு எது? பகல் முழுதும் இவ்வறையில் இருக்கப்போகிறவர் யார்? அவரிடம் கேட்டோமா? நம் சாளரத்திலிருந்து யார் வீடு தெரிகிறது?

இப்போது உம்மா கூடத்துச் சுவரில் படியும் மூங்கில் நிழலைப் பார்த்துவிட்டு, பாங்கு ஒலிக்குமுன்பே ஒளூச் செய்ய எழுந்துவிடுகிறார்கள்.

நம் இல்லங்களை மறைவும் வெளிச்சமும் நிறைந்தவையாகவும், நம் அண்டை வீட்டார் நம்மால் அச்சமற்று வாழும் இல்லங்களாகவும் எல்லாம் வல்ல அல்லாஹ் ஆக்கியருள்வானாக! ஆமீன்.