நினைவகத்தின் எல்லைக்குள் அஞ்சல் வழங்கி
பெர்க்லியில் எரிக் ஆல்மன் எழுதி 1983இல் பி.எஸ்.டி. யூனிக்ஸுடன் வெளிவந்த சென்ட்மெயில் என்னும் மின்னஞ்சல் வழங்கி நிரல், வந்து சேரும் ஒவ்வோர் இணைப்புக்கும் தன்னையே நகலெடுத்து ஒரு செயல்முறையை, அதாவது தனக்கென நினைவகம் கோரி இயங்கும் நிரற்படியை, உருவாக்கியது. அஞ்சல் பெருகிய வேளைகளில் இப்படிகள் நினைவகத்தை நிரப்பிவிட, இயங்குதளம் அதன் பகுதிகளை வட்டுக்கு மாற்றியது; வட்டு பன்மடங்கு மெதுவானது என்பதால் பழைய வேலை முடியுமுன் புதியது குவிந்து, வழங்கியே முடங்கும் நிலை உருவானது. சுமை சராசரி, அதாவது இயங்கிக்கொண்டோ இயங்கக் காத்துக்கொண்டோ இருக்கும் செயல்முறைகளின் சராசரி எண்ணிக்கை, ஒரு வரம்பைத் தாண்டினால் அஞ்சலை வரிசையில் நிறுத்தவும், மேலும் உயர்ந்தால் இணைப்பையே மறுக்கவும் சென்ட்மெயிலில் பின்னர் வழி செய்யப்பட்டது. கடுமையாகத் தோன்றினாலும் இது பாதுகாப்பான ஏற்பாடே. தற்காலிகமாக மறுக்கப்பட்ட அஞ்சலை அனுப்பும் வழங்கி தன்னிடம் வைத்திருந்து மீண்டும் முயல வேண்டும் என்று அஞ்சல் நெறிமுறை வகுத்திருந்தது.

1998இல் ஐ.பி.எம். ஆய்வகத்திலிருந்து வீட்சே வெனிமா வெளியிட்ட போஸ்ட்ஃபிக்ஸ் என்னும் அஞ்சல் வழங்கி நிரல் இக்கட்டுப்பாட்டை வடிவமைப்பின் அடித்தளமாகவே கொண்டது. பணியைச் சிறு நிரல்களாகப் பிரித்து, ஒரே நேரத்தில் இயங்கும் அவற்றின் செயல்முறைகளின் எண்ணிக்கைக்கு உச்சவரம்பு விதித்த அது, அனுப்புவதற்காக நினைவகத்தில் ஏற்றும் 'செயல்வரிசை'யின் அளவையும் வரையறுத்து, எஞ்சிய அஞ்சல்களை, அவை எத்தனை ஆயிரமாயினும், வட்டிலேயே காத்திருக்க வைத்தது.