கிராமமென எண்ணப்படாத ஊர்: மலையகத் தோட்டங்களின் குடிசன அமைப்பு

இலங்கையின் குடிசன மதிப்பீடு நாட்டை நகரம், கிராமம், பெருந்தோட்டம் என மூன்றாக வகுக்கிறது. 20 ஏக்கருக்குக் குறையாத பரப்பும், அங்கேயே குடியிருக்கும் தொழிலாளர் 10 பேருக்குக் குறையாமலும் இருந்தால் அது தோட்டம். அங்கே எத்தனை தலைமுறை பிறந்து, வாழ்ந்து, அடக்கமானது என்பதற்கு அந்த வரைவிலக்கணத்தில் இடமில்லை. ஹட்டன், நுவரெலியா மலைகளின் தோட்டங்களோ எல்லா வகையிலும் ஊர்கள். அவற்றை ஆட்படையின் தங்குமிடமாகவே எண்ணிவந்த பழக்கம், அம்மக்களின் நிலவுரிமையையும் உள்ளூராட்சி உரிமையையும் மறுப்பதற்குத் துணைபோனது என்பதே இங்கு முன்வைக்கும் வாதம்.

தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகளான லயங்களிலிருந்தே தொடங்கலாம். முதலில் கோப்பிக்கும், இலைநோய் கோப்பியை அழித்தபின் தேயிலைக்கும் திருச்சி, சேலம், மதுரை, புதுக்கோட்டைப் பக்கங்களிலிருந்து ஆள் திரட்டியவர்கள் கங்காணிகள். அவர்களுள் சிறு குழுவை நடத்திய சில்லறைக் கங்காணியின் கீழ் வந்தது பெரும்பாலும் ஒரே சாதியைச் சேர்ந்த உறவுக்கூட்டம். அது லயத்தின் அடுத்தடுத்த காம்பராக்களில், அதாவது அறைகளில், குடியமர்ந்தது. தமிழ்நாட்டுக் கிராமத்தின் தெருப் பிரிவினை இவ்வாறு லய வரிசையாக மறுபிறப்பெடுத்தது. ஆயினும் சாதி அப்படியே பெயர்த்து நடப்பட்டது என்று சொல்வது பிழை. குடியானவரும் பள்ளரும் பறையரும் காலையில் ஆளெண்ணும் ஒரே பிரட்டுக்களத்தில் நின்றார்கள், ஒரே மலையில் கொழுந்து பறித்தார்கள், ஒரே சம்பளம் வாங்கினார்கள். தொழிலில் சாதியின் பிடி தளர்ந்தது. பெண் கொடுத்து எடுப்பதில் இறுகியே கிடந்தது. மாரியம்மன் திருவிழாவும் மாசி மாதக் காமன் கூத்தும் தோட்டத்தையே ஒரு பொதுச் சமூகமாகக் கூட்டின. ஊருக்கு வேறென்ன இலக்கணம் வேண்டும்?

எண்களைப் படிப்பதில்தான் பெரும் கவனம் தேவை. 1948இன் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் இம்மக்களுள் மிகப் பெரும்பாலானோரை நாடற்றவராக்கியது. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரைப் பங்கிட்டது: இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் பாதிபாதியாகப் பிரித்துக்கொண்டன. ஒருவரைக்கூடக் கேட்காமல் எழுதப்பட்ட கணக்கு இது. பல குடும்பங்கள் கடலின் இரு கரைகளிலும் சிதறின. 1971இல் ஏறத்தாழ 11.7 இலட்சமாக இருந்த ‘இந்தியத் தமிழர்’ 1981இல் சுமார் 8.2 இலட்சமாயினர். இச்சரிவை முழுக்கத் தலைமன்னாரில் இந்தியாவுக்குக் கப்பலேறியவர்களின் கணக்கில் சேர்ப்பது தவறு. அடுத்தடுத்த மதிப்பீடுகளில் ‘இலங்கைத் தமிழர்’ எனப் பதிந்தவர்களும் உண்டு. ஆள் குறைந்ததையும் அடையாளம் மாறியதையும் ஒரே எண் மறைத்து வைக்கிறது.

2012இல் நுவரெலியா மாவட்டத்தின் சுமார் 7.1 இலட்சம் மக்களுள் பாதிக்கு மேற்பட்டோர் ‘இந்தியத் தமிழர்’ எனப் பதிந்தவர்கள். மாவட்டப் பெரும்பான்மையாக இருந்தும், 1987இன் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு தோட்டங்களுக்குச் சபை நிதி செல்வதற்குத் தடையாக இருந்தது. வாக்களித்த மக்களின் பாதைக்கே சபையால் செலவிட இயலாத நிலை! 2018இல்தான் அது திருத்தப்பட்டது.

இன்று தோட்டத்தில் குடியிருப்போரெல்லாம் தோட்டத் தொழிலாளரல்லர். இளைஞர் கொழும்புக் கடைகளுக்கும் கட்டட வேலைக்கும் போகிறார்கள். தோட்டத்தின் ஆள்பதிவேடான செக்ரோலில் ஒரு பெயரும் இல்லாத குடும்பம் அதே லயத்தில் வாழ்கிறது. வீட்டுக்குக் காணி உறுதி இல்லை, பல லயங்களில் தனி விலாசமும் இல்லை. வரைவிலக்கணப்படி, குடியிருக்கும் தொழிலாளர் பத்துப் பேருக்குக் கீழே போனால் அவ்விடம் தோட்டமாகவும் எண்ணப்படாது. அப்போதாவது அதைக் கிராமமெனப் பதிந்து, மக்கள் வழங்கும் பெயரையே ஊர்ப்பெயராக எழுதி, காம்பராவுக்கொரு காணி உறுதி தரவேண்டும்.