பெயர் சொல்லி அனுப்பிய வாத்தியார்

வீட்டுப்பாடத்தைக் கண்டுபிடித்தவர் ராபர்ட்டோ நெவிலிஸ் என்ற இத்தாலிய ஆசிரியர், ஆண்டு 1905 என்றொரு கதை இணையத்தில் சுற்றுகிறது. நம்பாதீர்கள். 15 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடம் கூடாது என்று அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலம் 1901இலேயே சட்டம் போட்டுவிட்டது. பிறக்காத ஒன்றுக்கு யார் தடை போடுவார்கள்?

நம் ஊரில் அது திண்ணையில் பிறந்தது. 1855இல் பிறந்த உ.வே.சாமிநாதையர், தம் காலத்துத் திண்ணைப் பள்ளிக்கூடத்தை ‘என் சரித்திரம்’ நூலில் விரிவாகச் சொல்கிறார். முதலில் மணலில் விரலால் எழுத்து, கை படிந்தபின் ஓலையும் எழுத்தாணியும். கண்காணிக்கச் சட்டாம்பிள்ளை. பொழுது சாய்ந்து பிள்ளைகள் புறப்படும்போது, ஒவ்வொருவருக்கும் ஒரு பூ, ஒரு பறவை, ஒரு விலங்கு, ஓர் ஊர் என்று தனித்தனியே பெயர் சொல்லி அனுப்புவார் உபாத்தியாயர். மறுநாள் மறக்காமல் வந்து சொல்ல வேண்டும். வீட்டுக்குப் போன பாடம் அவ்வளவுதான். அதைச் சுமக்கப் பை வேண்டாம். எழுத்தறியாத தாய் தகப்பன் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கவும் வேண்டாம். அந்தப் பள்ளியில் பிரம்படி உண்டு, அதை நான் கொண்டாடவில்லை. ஆனால் இந்த ஒரு வழக்கத்தில் குழந்தையை அறிந்த மனம் இருக்கிறது.

அச்சுப் புத்தகம், நோட்டு, பரீட்சை என்று வந்தபின் பாடம் கனத்தது. 2018 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி என்.கிருபாகரன், 1, 2ஆம் வகுப்புகளுக்கு வீட்டுப்பாடம் கொடுக்கக் கூடாது என்று உத்தரவிட வேண்டியிருந்தது. அந்த நவம்பரில் மத்திய அரசும் அதையே மாநிலங்களுக்கு எழுதி, அந்த வகுப்புகளின் புத்தகப் பை ஒன்றரைக் கிலோவைத் தாண்டக் கூடாது என்றது.

மூன்றாம் வகுப்புக்கு மேலே? காங்கேயத்தில் ரைஸ் மில்லுக்கும் தேங்காய்க் களத்துக்கும் பனியன் கம்பெனிக்கும் போகிற பெற்றோர் இருட்டியபின்தான் வீடு திரும்புகிறார்கள். கலர் சார்ட்டும் பிராஜெக்டும் கேட்டால் அந்தப் பிள்ளை யாரிடம் போகும்? உதவிக்கு ஆள் இருக்கிற வீட்டுப் பிள்ளைக்கே மதிப்பெண் போய்ச் சேர்கிறது. இது அநியாயம்.

ஆசிரியர்களே, பிள்ளை தானே முடிக்கக்கூடியதைக் கொடுத்தனுப்புங்கள். மயிலை, செவலை, காரி என்று காங்கேயம் மாட்டின் நிறத்துக்கெல்லாம் பெயர் உண்டு. எந்த மாட்டை எப்படி அழைப்பார்கள் என்று அப்பாருவிடம் கேட்டு வரச் சொல்லுங்கள். மறுநாள் காலையில் பொறுமையாக உட்கார்ந்து கேளுங்கள்.