எடுக்காத விடுப்பு யாருக்குச் சொந்தம்?

உழைத்த நாளுக்குக் கூலி உண்டு என்பது மனிதகுலம் தொன்றுதொட்டு அறிந்த நீதி. உழைக்காத நாளுக்கும் கூலி உண்டு என்பதோ நேற்று முளைத்த நீதி. அதற்கும் ஒரு படி மேலே சென்று, ஓய்வெடுக்க வேண்டிய நாளில் ஓய்வெடுக்காமல் உழைத்தவர் பணியை விட்டு நீங்கும்போது, அந்நாள்களின் மதிப்பைப் பணமாகப் பெறும் உரிமை உடையவர் என்று இன்றைய சட்டங்கள் கூறுகின்றன. முதலாளியின் கருணையாகக் கருதப்பட்ட ஓய்வு, தொழிலாளியின் உடைமையாக மாறிய வரலாறு சிந்திக்கத் தக்கது.

நம் நாட்டில் அவ்வரலாறு பம்பாயின் பஞ்சாலைகளில் தொடங்குகிறது. 1884ஆம் ஆண்டு நாராயண் மேகாஜி லோகண்டே என்பவர் ஆலைத் தொழிலாளரைத் திரட்டினார். ஏறத்தாழ 5,500 பேர் ஒப்பமிட்ட விண்ணப்பம் ஒன்று உருவாயிற்று. வாரத்தில் ஒரு நாள் ஓய்வும், நண்பகலில் அரைமணி நேர இடைவேளையும் அவர்கள் கேட்டவற்றுள் அடங்கும். 1890 ஜூன் 10 அன்று ஆலை முதலாளிகள் ஞாயிறு ஓய்வுக்கு இசைந்தனர். மறு ஆண்டு வந்த தொழிற்சாலைச் சட்டம் வார ஓய்வைக் கட்டாயமாக்கியது. அதே 1891 மே 15இல்தான் திருத்தந்தை 13ஆம் சிங்கராயர் 'ரேரும் நோவாரும்' என்னும் சுற்றுமடலை வெளியிட்டு, தொழிலாளியின் உடலையும் ஆன்மாவையும் நசுக்கும் வேலைநேரத்தைக் கண்டித்தார்; ஓய்வுநாளின் உரிமையை வலியுறுத்தினார். பம்பாயும் உரோமையும் ஒன்றையொன்று அறியாமலே ஒரே திசையில் நடந்தன.

ஆயினும் அந்த ஓய்வில் ஒரு குறை இருந்தது. அந்நாளுக்குக் கூலி தரவேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. கூலியற்ற ஓய்வு, அன்றாடங்காய்ச்சியின் அடுப்பில் பூனையைத்தான் உறங்க வைக்கும்.

இக்குறையைத் தீர்த்த ஆண்டு 1936. பிரான்சு நாட்டில் அவ்வாண்டு மே, ஜூன் திங்கள்களில் பெரும் வேலைநிறுத்தம் மூண்டது. அதன் விளைவாக, ஜூன் 20 அன்று இயற்றப்பட்ட சட்டம் தொழிலாளர் அனைவருக்கும் ஆண்டுக்கு இரு வாரம் ஊதியத்துடன் கூடிய விடுப்பை வழங்கிற்று. நான்கு நாள் கழித்து ஜெனீவாவில் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு தனது 52ஆம் உடன்படிக்கையை நிறைவேற்றியது. ஓராண்டு பணிபுரிந்தவருக்கு ஆறு வேலைநாள் ஊதிய விடுப்பு என்பது அதன் சாரம். அதில் இரு விதிகள் குறிப்பிடத் தக்கவை. விடுப்புரிமையை விட்டுக்கொடுப்பதாகத் தொழிலாளி எழுதித் தந்தாலும் அந்த ஒப்பந்தம் செல்லாது என்பது ஒன்று. முதலாளியைச் சார்ந்த காரணத்தால் விடுப்புக்கு முன்பே வேலைநீக்கம் செய்யப்பட்டவருக்கு அந்நாள்களின் ஊதியத்தைத் தரவேண்டும் என்பது மற்றொன்று.

இந்தியாவில் 1945ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம், ஆண்டு முழுவதும் இயங்கும் தொழிற்சாலைகளில் வயது வந்தோருக்குப் பத்து நாள் ஊதிய விடுப்பை முதன்முதலாக அளித்தது. விடுதலைக்குப் பின் வந்த 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் அதைச் செம்மைப்படுத்தியது. ஆண்டில் 240 நாள் வேலை செய்தவருக்கு, இருபது நாளுக்கு ஒரு நாள் வீதம் அடுத்த ஆண்டில் விடுப்பு. எடுக்காத விடுப்பை 30 நாள் வரை அடுத்த ஆண்டுக்குக் கொண்டுசெல்லலாம். முறைப்படி கேட்டும் மறுக்கப்பட்ட விடுப்புக்கோ அந்த வரம்பும் இல்லை. முதலாளி மறுத்ததன் சுமையைத் தொழிலாளி சுமக்கலாகாது என்பதே அதன் உட்பொருள்.

பணியிலிருந்து நீங்கினாலும் நீக்கப்பட்டாலும் எஞ்சிய விடுப்புக்குரிய ஊதியத்தை இரண்டாம் வேலைநாள் முடிவதற்குள் தரவேண்டும் என்றும், பணியில் இறந்தவரின் வாரிசுக்கு இரு திங்களுக்குள் தரவேண்டும் என்றும் அச்சட்டம் பணித்தது. ஏழைக் கூலியாளின் ஊதியத்தைக் கதிரவன் மறையுமுன் கொடுத்துவிடு என்று இணைச்சட்ட நூல் இட்ட கட்டளையின் எதிரொலியை இங்கே கேட்கிறோம். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள 2020ஆம் ஆண்டுத் தொழிலாளர் நலத் தொகுப்பும் இவ்விதிகளைத் தொடர்கிறது. 240 நாள் என்பதை 180 ஆகக் குறைத்துள்ளது.

ஐரோப்பாவிலும் இக்கேள்வி நீதிமன்றம் ஏறியது. செருமனியில் நீண்டகாலம் நோயுற்றிருந்த தொழிலாளி ஒருவர் 2010இல் இறந்தபோது, 140 நாளுக்கு மேற்பட்ட விடுப்பு எஞ்சியிருந்தது. சாவோடு அவ்வுரிமையும் மாண்டது என்று வாதிடப்பட்டது. 2014 ஜூனில் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் அவ்வாதத்தை மறுத்தது. அப்பணத்துக்குரிய உரிமை சாவினால் அழிவதில்லை எனத் தீர்ப்பளித்தது. 2018 நவம்பரில் அதே நீதிமன்றம் மற்றொன்றும் கூறிற்று: தொழிலாளி விடுப்புக் கேட்கவில்லை என்ற ஒரே காரணத்தால் அது தானாகக் கரைந்துவிடாது, விடுப்பெடுக்க அவருக்கு உண்மையான வாய்ப்பளித்ததை முதலாளியே மெய்ப்பிக்க வேண்டும். நம் உச்ச நீதிமன்றமும் 2013இல், ஓய்வூதியம், பணிக்கொடை ஆகியவற்றுடன் விடுப்புப் பணத்தையும் ஊழியரின் சொத்தாகவே கருதி, சட்டத்தின் துணையின்றி அதைப் பறிக்க இயலாது என்றது.

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. விடுப்பு பணமாக மாறுமெனில், ஓய்வையே விற்றுவிடலாம் அல்லவா? 'சரண் விடுப்பு' என்ற சொல் நம் அரசு ஊழியர் இல்லங்களில் நன்கு பழகியது. மகளின் திருமணமும் மகனின் கல்லூரிக் கட்டணமும் அப்பணத்தை எதிர்நோக்கியிருப்பதை நாம் அறிவோம். அதைக் குறைகூறுவது எளிதன்று. புதிய தொகுப்பும் ஆண்டிறுதியில் விடுப்பைப் பணமாக்க இடமளிக்கிறது. ஐரோப்பிய விதியோ, பணியில் இருக்கும்வரை குறைந்தபட்ச விடுப்பான நான்கு வாரத்தைப் பணமாக மாற்றக் கூடாது என்கிறது. பணத்தாசை காட்டி ஓய்வைப் பறிக்கும் வழி அடைபட வேண்டும் என்பதே அதன் நோக்கம்.

பாலைநிலத்தில் மன்னா பொழிந்த கதை நினைவுக்கு வருகிறது. ஆறாம் நாள் இருமடங்கு கிடைத்தது. ஏழாம் நாளும் சேகரிக்கச் சென்றோர் ஒன்றும் காணவில்லை. ஓய்வு என்பது உழைப்பில் மிஞ்சிய துண்டு அன்று. உழைப்பவருக்கு முன்கூட்டியே ஒதுக்கப்பட்ட பங்கு. திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் 1981ஆம் ஆண்டுச் சுற்றுமடலில், வார ஓய்வோடு ஆண்டு விடுப்பையும் தொழிலாளியின் உரிமைகளுள் ஒன்றாக எண்ணியது இதனாலேயே. ஆகவே, முதலில் ஓய்வு. ஓய்வு இயலாமற் போனபோதே பணம் என்பதுதான் நேரிய வரிசை.

இச்சட்டங்களின் நிழல் எட்டாதோர் பலர். நம் வீட்டில் பாத்திரம் துலக்குபவருக்கு இருபது நாளுக்கு ஒரு நாள் என்று யாரும் கணக்கு வைப்பதில்லை. அவர் பேறுகாலத்துக்கென நின்றுவிட்டால், எஞ்சிய நாள்களைக் கூட்டிப் பார்ப்பாரும் இல்லை. கேளாமல் விட்டதால் அவர் உரிமை கரைந்துவிட்டதா? ஐரோப்பிய நீதிபதிகள் இல்லை என்றனர். பிடித்துவைத்த கூலி கூக்குரலிடுகிறது என்று எழுதிய திருத்தூதர் யாக்கோபும் அதையே சொல்லியிருப்பார். கணக்கேட்டைத் திறக்கச் சட்டம் வந்து கதவைத் தட்டும்வரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை.